பட்டியலில் 14-ஆவது பெயர்

கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்ற வளாகத்தில் குடும்ப வழக்குகளையும், கடனைக் கட்ட முடியாதவர்கள் போடும் நொடிப்பு மனுக்களையும் சேர்த்து நடத்துகிறேன் என்று சொன்னால், சக வழக்கறிஞர்களே இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பதுண்டு. என் மேசையில் இருக்கும் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண் சொல்வதில் பாதி, கணவர் வாங்கிய வட்டிக் கடனும் அடகுக்குப் போன நகையுமாகவே இருக்கும், 'ஐ.பி. (நொடிப்பு மனு) போட வேண்டும்' என்று வருபவரோ, மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டதை மூன்றாவது முறை வரும்போதுதான் சொல்வார்.

பண்ருட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர், சார்பு நீதிமன்றத்திலிருந்து வந்த அறிவிப்பை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணவர் முந்திரி வியாபாரி. மனைவிக்கும் மகளுக்குமாக மாதம் 8,000 ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவாகி, 11 மாதம் ஒரு பைசாவும் வராத நிலையில், அந்த மனிதர் தம்மை நொடித்தவராக அறிவிக்கக் கேட்டு மனுப் போட்டிருந்தார். மனுவோடு இணைத்திருந்த கடன்காரர் பட்டியலில் ஒரு பைனான்ஸ்காரருக்கும் ஒரு சாக்கு வியாபாரிக்கும் நடுவில், 14-ஆவதாக, இந்தப் பெண்ணின் பெயர் இருந்தது. எதிரே 88,000 ரூபாய். "மஞ்சள் கடுதாசி வந்துவிட்டால் இனி ஒன்றும் கேட்க முடியாதாமே சார்?" என்றார். ஊரில் யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய கணவரும் அதையே நம்பித்தான் மனுப் போட்டிருக்க வேண்டும்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சென்னை போன்ற பழைய மாகாணத் தலைநகர்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்க, நம் ஊர்களில் தனிநபர் நொடிப்பு இன்றும் 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டத்தின்படியே நடக்கிறது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அன்று எழுதிவைத்தார்கள். இன்று அது ஒரு குடும்பத்தின் ஒருவேளை பிரியாணிக்குக் காணாது. ஆனால் அதே சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நொடித்தவர் கடன்களிலிருந்து விடுவிக்கப்பட்டாலும் அவரை விட்டு நீங்காத பொறுப்புகள் எவை என்று சொல்லுமிடத்தில், அரசுக்குச் சேர வேண்டிய பாக்கியோடும் மோசடியால் வந்த கடனோடும் சேர்த்து, 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆவது பிரிவின்கீழ் இடப்பட்ட ஜீவனாம்ச உத்தரவையும் குறிப்பிடுகிறது. அந்த 488 பின்னர் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125 ஆயிற்று. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகியிருக்கிறது. எண் மாறியதே தவிர, பொறுப்பு மாறவில்லை.

ஆகவே ஜீவனாம்ச பாக்கிக்காக வாரண்ட் கேட்டு மனுப் போட்டோம். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும் என்பதால் அவசரம் இருந்தது; இந்தக் கெடுவைத் தவறவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சிறைக்குப் போய்வந்தால் பாக்கி கழிந்துவிடும் என்று நினைக்கும் கணவர்களும் உண்டு. சிறை, பணத்தைக் கொடுக்கவைப்பதற்கான வழியே ஒழிய, பணத்துக்கு ஈடு அல்ல என்று உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது.

நேரம் பிடித்தது வீட்டு விவகாரம். மனுவில் அசையாச் சொத்து 'இல்லை' என்று எழுதியிருந்தார். நான் முதலில் செய்தது வில்லங்கச் சான்று எடுத்ததுதான். மனுப் போடுவதற்கு எட்டு மாதம் முன்பு, தம் பெயரிலிருந்த மாடி வீட்டைத் தம்பிக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்திருந்தார். மாகாண நொடிப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவின்படி, நொடிப்பு மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய விலை பெறாமல் செய்த இத்தகைய மாற்றத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதற்கு மனுப் போட வேண்டியவர், நொடித்தவரின் சொத்தைக் கையில் எடுத்துக் கடன்காரர்களுக்குப் பங்கிட நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர். அவர் மறுத்தால் மட்டுமே, கடனை மெய்ப்பித்த கடன்காரர் ஒருவர் நீதிமன்ற அனுமதியோடு போடலாம். ரிசீவருக்கு, யாரும் காட்டிக்கொடுக்காத பத்திரத்தைத் தாமாகத் தேடிப் போக நேரமிருப்பதில்லை. அவர் நியமிக்கப்பட்டதும் சாக்கு வியாபாரியும் நாங்களும் சேர்ந்து சான்றின் நகலைக் கொடுத்தோம்.

2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தனிநபர் பற்றிய அதன் பகுதி, 2019 டிசம்பர் முதல், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முந்திரி வியாபாரிக்கு அதில் வேலை இல்லை. ஆனால் 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனைவி மக்களின் ஜீவனாம்ச உரிமை அந்தச் சட்டத்தின்கீழ் வரும் கடன்காரர்களின் உரிமைக்கும் முந்தியது என்று தீர்ப்பளித்திருப்பதை எங்கள் வாதத்தில் சேர்த்துக்கொண்டோம்.

நொடிப்பு மனு போடுபவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். வியாபாரம் விழுந்து, வட்டிக்காரர்களின் வசவுக்கு அஞ்சி ஊரை விட்டு ஓடியவர்களுக்காகவும் நான் வாதாடுகிறேன். அவர்களுக்கு இந்தப் பழைய சட்டம் மூச்சுவிட இடம் கொடுக்கிறது. மனுப் போட்டதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டு, குறித்த காலத்துக்குள் விடுவிப்புக் கேட்டு மனுச் செய்யாமல் விட்டால், நொடித்தவர் என்ற அறிவிப்பே ரத்தாகும் என்று அவர்களுக்கு எழுதியே கொடுத்தனுப்புகிறேன். மனைவியின் பெயரைக் கடன்காரர் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் மட்டும் வக்காலத்தில் கையெழுத்திடுவதில்லை.

வாரண்ட் பிறப்பித்த மூன்றாம் வாரம் 40,000 ரூபாய் வந்தது. என் குமாஸ்தா அதற்கான ரசீதைக் காட்டினார். பணத்தைக் கொண்டுவந்து கட்டியவர், வீட்டைத் தானமாகப் பெற்ற தம்பி.