ரெண்டு நிமிஷ வேலை

"ரெண்டு நிமிஷ வேலை தம்பி. ஒரு பேலட்டைப் போட்டு மேல தூக்கி விடு, டியூப்லைட்டை மாத்திட்டு இறங்கிடறேன்." சரக்கு அடுக்குகிற மரப்பலகைத் தட்டுதான் பேலட், அதில் அவரை நிற்க வைத்து என் ஃபோர்க்லிஃப்டால் தூக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணன் கேட்டது இவ்வளவுதான். முடியாது என்றேன். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போனார், விழுந்தார், மணிக்கட்டு உடைந்துவிட்டது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற எவரைக் கேட்டாலும் ஆளைத் தூக்கக் கூடாது என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்களே அவசரத்துக்குத் தூக்கியும் இருப்பார்கள், அது வேறு கதை. வண்டித் தகட்டில் 2500 கிலோ என்று போட்டிருக்கும்போது ஒரு ஆளைத் தூக்க முடியாதா என்பார்கள். எடையா பிரச்சினை? வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஃபோர்க் இரண்டும் பேலட்டுக்குள் நுழைந்திருக்குமே தவிர பேலட் எதிலும் கட்டியிருக்காது. டியூப்லைட்டை எட்ட ஓரத்துப் பலகையில் காலை வைத்தால் மறுபக்கம் எழும்பிவிடும். பிடித்துக்கொள்ள அங்கே ஃபோர்க் ஏறி இறங்குகிற கம்பமான மாஸ்ட்டைத் தவிர ஒன்றும் கிடையாது, அதில்தான் செயின் ஓடுகிறது. நான் லீவரை லேசாகத் தொடும்போது அவர் விரல் அங்கே இருந்தால்? சுற்றிலும் கம்பி வைத்த கூண்டை வண்டியோடு பூட்டித் தூக்குவது வேறு விஷயம், எங்களிடம் கூண்டே இல்லை.

இதையெல்லாம் அன்றைக்கு நான் சொல்லவில்லை. அவர் "இன்னா தம்பி, உனக்கு முன்னாடி இருந்தவன் தூக்கலையா?" என்றார். "அவர் தூக்கினா நானும் தூக்கணுமாண்ணா?" என்றேன். லோடிங் பையன்கள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு மூட்டச் சொன்னதில்லை அது, ஆனால் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்தக் கோபத்தோடு போய்த்தான் வெட் ப்ளூ, அதாவது குரோமில் பதப்படுத்தி இன்னும் காயாத நீலத் தோல் அடுக்கு பக்கத்தில் ஏணியைச் சாத்தியிருக்கிறார். அந்த அடுக்கிலிருந்து எந்நேரமும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், தரையில் நீலமாக ஒரு வழுக்கல், அதிலேயே ஏணிக்கால். நிதானமாக இருந்திருந்தால் அவரே கவனித்திருப்பார், என்னைவிட அனுபவம் உள்ளவர்.

வேலூருக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டு போட்டார்கள். பார்க்கப் போனபோது, "நீ தூக்கி விட்டிருந்தா இது ஆகியிருக்குமா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை, சும்மா கேட்டார். தூக்கியிருந்தால் இதைவிட மோசமாக ஆகியிருக்கலாம் என்பதுதான் என் பதில், ஆனால் நடக்காத விபத்தை எப்படிக் காட்டுவது? நடந்தது கட்டுப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

காலை மீட்டிங்கில் சேஃப்டி ஆபீசர் என்னைப் பாராட்டி எல்லோரையும் கைதட்ட வைத்தார். அந்த ஈரத் தரையைப் பற்றியோ, ஏணியைப் பிடிக்க ஒரு ஆள்கூட இல்லாததைப் பற்றியோ ஒருத்தரும் பேசவில்லை. நானாவது ஒரு பையனை அவர் கூட அனுப்பியிருக்கலாமே என்று சில சமயம் தோன்றும். வெளியே லாரி நிற்கும்போது அதெல்லாம் என் வேலையா என்றும் தோன்றும். இப்போது கூண்டு வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்தபிறகு அவரே வந்து தூக்கி விடு என்று கேட்டால் தூக்குவேனா? தெரியவில்லை. அவர் இனிமேல் என்னிடம் கேட்பாரா என்பதே சந்தேகம்தான்.