பேட்டரியில் 7.2, ஓடும்போது 5.9

போன மாதம் முழுக்க மோட்டாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். 1/10 அளவு ரிமோட் கண்ட்ரோல் கார், 540 பிரஷ்டு மோட்டார், 7.2 வோல்ட் என்று போட்ட ஆறு செல் நிக்கல் பேட்டரி. ட்ரிகரை முழுசாக இழுத்தாலும் பத்தடி சோம்பலாக நகர்ந்த பிறகுதான் வேகம் பிடிக்கும். புது மோட்டார் ஆர்டர் போடுவதற்கு முன்னால் வோல்டேஜை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதலில் செய்தது முட்டாள்தனம். காரை ஒரு டப்பா மேல் தூக்கி வைத்து, சக்கரம் காற்றில் சுற்றும்போது அளந்தேன். சும்மா இருக்கையில் 7.8, சுற்றும்போது 7.5. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றியது. சுமையே இல்லாத மோட்டார் எங்கே கரண்ட் இழுக்கப்போகிறது? கரண்ட் நன்றாக ஓடினால்தான் பேட்டரியின் உள் ரெசிஸ்டன்ஸும் ஒயரும் கனெக்டரும் வோல்டேஜைத் தின்னும். அதனால் மறுநாள், குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கிற மீட்டர் ஒன்றை நண்பரிடம் கடன் வாங்கி, பாடியைக் கழற்றிவிட்டு ரப்பர் பேண்ட் போட்டு கார் மேலேயே கட்டி, புரோபை இஎஸ்சிக்கு (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) போகும் ஒயரில் கொடுத்து மொட்டை மாடியில் ஓட்டினேன். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் நொடியில் 5.9 வோல்ட்!

பேட்டரியைக் கழற்றப் போனால் வெள்ளை கனெக்டர் விரல் வைக்க முடியாத சூடு. உள்ளே பின் பழுப்பேறி, பிளாஸ்டிக் லேசாக இளகியிருந்தது. வெட்டிப் போட்டுவிட்டு, அதிக கரண்ட் தாங்கும் எக்ஸ்டி60 கனெக்டரை சால்டர் பண்ணினேன் (சிவப்பு ஒயரை மைனஸ் பக்கம் வைத்திருந்தேன், நல்லவேளை ஈயம் வைக்கும் முன்பே கண்ணில் பட்டது). அதே பேட்டரி, அதே மாடி, இப்போது 6.3. மோட்டாரைத் தொடவே இல்லை, ஆனால் கிளம்பும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது.

அப்புறம் ஆசை விடுமா. இஎஸ்சி 2எஸ் வரை, அதாவது வரிசையாக இணைத்த இரண்டு லைப்போ செல் வரை, தாங்கும் என்று லேபிளில் இருந்ததால் 2எஸ் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வாங்கினேன். சார்ஜ் ஏறியதும் 8.4, ஃபுல் த்ராட்டிலில் 7.7க்குக் கீழே போகவில்லை. பழைய 5.9 எங்கே, இது எங்கே! கார் சீறிக்கொண்டு போனது. பத்து நிமிடம் கழித்து டெம்பரேச்சர் கன் வைத்துப் பார்த்தால் மோட்டார் 88 டிகிரி, கூடவே அந்தக் கருகல் வாசனை. கணக்குப் போட்டதும்தான் புரிந்தது: கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் 5.9லிருந்து 7.7 ஆக 30 சதவீதம் கூடினால் கரண்டும் அதே அளவு கூடும், காயிலில் சூடோ கரண்டின் வர்க்கத்தில் ஏறும், அதாவது ஏறக்குறைய 70 சதவீதம். மோட்டார் பாவம், அதே பழைய மோட்டார்தானே.

பினியனை (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) 22 பல்லிலிருந்து 19க்கு இறக்கினேன். அதே பத்து நிமிடம், 66 டிகிரி. டாப் ஸ்பீட் கொஞ்சம் குறைந்தது உண்மைதான், ஆனாலும் நிக்கல் பேட்டரியில் ஓடியதைவிட வேகம். பக்கத்து வீட்டுப் பையன் "அண்ணா, 3எஸ் போடுங்கண்ணா" என்று நச்சரிக்கிறான். 12.6 வோல்ட் இந்த இஎஸ்சிக்குள் போனால் புகைதான் வரும், வேகம் வராது என்று சொல்லி அனுப்பினேன். பிரஷ்லெஸ் மோட்டார் வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். (அதில் எழுதியிருக்கும் கேவி கிலோவோல்ட் இல்லை, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம் என்பது. 3300 கேவி மோட்டார் 8.4 வோல்ட்டில் சுமை இல்லாமல் 27,700 சுற்று.)

இந்த இஎஸ்சியில் லைப்போ கட்ஆஃப் (வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் தானே நிறுத்துவது) கிடையாது, அதனால் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தனியாகப் பார்க்க உதவும் பேலன்ஸ் பிளக்கில், வோல்டேஜ் இறங்கினால் கத்தும் ஒரு பஸ்ஸர் மாட்டியிருக்கிறேன். செல்லுக்கு 3.5 என்று வைத்ததில் பாதி சார்ஜிலேயே, ட்ரிகரை இழுக்கும்போதெல்லாம் கத்தியது, விட்டதும் அடங்கியது. சுமையில் இறங்கி ஏறுகிற அதே சமாச்சாரம்தான். இப்போது 3.3ல் வைத்திருக்கிறேன், கீழ் வீட்டுக்காரர் இன்னும் மாடிக்கு வரவில்லை.