விடுதிக்காரிக்கு ஒரு கட்டம்

வேல்ஸில் ஒரு சிறிய ஆவணக் காப்பகத்தில் பழைய அச்சுப்படங்களை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விவரம் எழுதுவது என் வேலையாக இருந்தது. பெரும்பாலும் 1780க்கும் 1830க்கும் இடைப்பட்ட பயணப் படங்கள். பிரான்சோடு போர் நடந்ததால் ஐரோப்பா சுற்ற வழியில்லாமல் போன ஆங்கிலேயர்கள் வேல்ஸ் மலைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள், கூடவே ஓவியர்களும்.

முதல் வாரமே தவறு செய்தேன். பெண் இருக்கிற படத்துக்கெல்லாம் ‘வேல்ஸ் தேசிய உடை, உயரமான கறுப்புத் தொப்பி’ என்று ஒரே வரியைப் போட்டுக்கொண்டே போனேன். சரிபார்த்த மூத்த அம்மா திட்டவில்லை, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, “தொப்பியை மட்டும் பாருங்க” என்றார். பார்த்தால் ஆண்கள் போடும் அதே உருண்டைத் தொப்பி, உச்சி தாழ்ந்து விளிம்பு அகன்றது, அதற்குள் வெள்ளைத் துணிக் குல்லா. புகைபோக்கி மாதிரியான நெடுந்தொப்பி பரவியதும், வேல்ஸ் பண்பாட்டை ஆதரித்த சீமாட்டி லேடி லானோவர் போன்றவர்கள் இதைத் தேசிய உடையாக வளர்த்ததும் 1830களுக்கு அப்புறம்தான். என் முன்னால் இருந்தது வேலைக்குப் போடும் துணி: கோடுபோட்ட பிளானல் பாவாடை, அதன்மேல் ‘பெட்கவுன்’ என்ற மேலங்கி, ஏப்ரன், சால்வை, பல படங்களில் வெறுங்கால், நடக்கும்போதே காலுறை பின்னும் கை. நிறத்தையும் நம்ப முடியாது. செப்புத்தகட்டில் அச்சடித்த பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள், அதனால் ஒரு பிரதியின் சிவப்புப் பாவாடை இன்னொன்றில் நீலமாகிவிடும்.

என்னை நிறுத்திய படம் ஆங்கிலேய ஓவியர் ரோலண்ட்சன் வரைந்தது, நியூகாசில் எம்லின் என்ற வேல்ஸ் ஊரின் விடுதிச் சமையலறை. 1797இல் நண்பர் விக்ஸ்டெட்டோடு போன பயணத்தில் பார்த்தது. சக்கரத்துக்குள் ஒரு நாய் ஓடி இறைச்சிக் கம்பியைச் சுழற்றுகிறது. சமையல்காரர் இறைச்சி வைக்கும் அறைப் பக்கம் போவதைக் கண்டாலே நாய் அன்று முழுக்க ஒளிந்துகொள்ளும் என்று விக்ஸ்டெட் எழுதுகிறார். நாய்க்கு இவ்வளவு இடம். படுக்கை, பீர், குதிரைக்குத் தீனி என்று அத்தனையும் கவனித்து விடுதி நடத்திய பெண்களுக்கோ, நான் பார்த்த படங்களில், ‘வேல்ஸ் பெண்’ என்பதோடு சரி. வேல்ஸ் மொழியில் ‘டிம் சாஸ்னெக்’, அதாவது ஆங்கிலம் தெரியாது என்று சொல்பவர்களோடு பயணிகள் அதிகம் பேசியிருக்கவும் முடியாது.

பெயர் கிடைத்த ஒருத்தி மார்கெட் உச் இவான். செப்புச் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சாராயக்கடை நடத்தியவள் என்று அவள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். படகு கட்டுவாள், யாழ் செய்வாள், தன் குதிரைக்குத் தானே லாடம் அடிப்பாள், எழுபது வயதிலும் மல்யுத்தத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று எழுதியவர் அந்தக் காலப் பயண எழுத்தாளர் தாமஸ் பென்னன்ட். ஆனால் அவர் பார்க்கப் போன அன்று, தொண்ணூறு வயதுக்காரி வீட்டில் இல்லை.

அப்புறம் பழைய பதிவுகளைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். படிவத்தில் ‘உடை’ என்பதற்குக் கட்டம் இருந்தது, ‘தொழில்’ என்பதற்கு இல்லை. கேட்டு வாங்கிச் சேர்த்தேன்.