பதவியேற்புக்கு முன்பே ஒரு கடன்: அப்பாவின் 8.05 சதவீதத்தை அடைத்த விதம்

அமெரிக்க இராணுவத்தில் அதிகாரியாகப் போகும் மாணவர்களுக்குப் பதவியேற்புக்கு முன்பே மிகக் குறைந்த வட்டியில் பெரிய தொகை கடனாகக் கிடைக்கும் என்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் 2025 மே மாதம் இரண்டாம் லெப்டினன்ட்டாகப் பதவியேற்றேன். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும்போது, இந்தக் கடனை வாங்கினேன். பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

கல்லூரியில் படித்துக்கொண்டே அதிகாரிப் பயிற்சி பெறும் ஆர்ஓடிசி திட்டத்தில் நான் இருந்தேன். 1916-இல் தொடங்கிய திட்டம் இது. உதவித்தொகை பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை இராணுவமே கட்டிவிடும். நான் உதவித்தொகை இல்லாமல் மூன்றாம் ஆண்டில் இராணுவத்துடன் ஒப்பந்தம் செய்தவள். மாதம் 420 டாலர் படி மட்டும் கிடைத்தது. கட்டணம் எங்கள் பொறுப்பு. மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்காக அப்பா பேரன்ட் ப்ளஸ் என்ற மத்திய அரசுக் கடனை எடுத்தார். 2023-24 கல்வியாண்டில் அதன் வட்டி 8.05 சதவீதம். அதற்கும் மேலாக, பணம் கைக்கு வருவதற்கு முன்பே 4 சதவீதத்துக்கு மேல் கட்டணமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நிலுவை ஏறக்குறைய 15,000 டாலர். ஒரு நாள் வட்டி மட்டும் 3 டாலர் 30 சென்ட். அப்பாவின் கணக்கில் அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்தது.

ஒப்பந்தம் போட்ட கேடட் எனப்படும் பயிற்சி மாணவர்களுக்கும் வெஸ்ட் பாயின்ட் போன்ற இராணுவக் கல்லூரி மாணவர்களுக்கும் என்றே சில நிறுவனங்கள் இப்படிக் கடன் தருகின்றன. இந்தப் பேச்சு வரும்போது எல்லோர் வாயிலும் வரும் பெயர்கள் இரண்டு: 1922-இல் சான் அன்டோனியோவில் 25 இராணுவ அதிகாரிகள் தங்கள் கார்களுக்குத் தாங்களே காப்பீடு செய்துகொள்ளத் தொடங்கிய யுஎஸ்ஏஏ, 1933-இல் பிறந்த நேவி ஃபெடரல் கூட்டுறவு நிதி நிறுவனம். சம்பளமே வாங்காத இருபது வயதுப் பிள்ளைக்குப் பிணை ஏதும் கேட்காமல் இவ்வளவு மலிவாகக் கடன் கொடுப்பது கருணையால் அல்ல. அந்தப் பிள்ளைக்கு நாளை மாதந்தோறும் அரசுச் சம்பளம் தவறாமல் வரும். அந்தச் சம்பளக் கணக்கும், கார்க் காப்பீடும், வீட்டுக் கடனும் தங்களிடமே வர வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அதில் தவறில்லை. ஆனால் நாம் அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்குச் சொன்ன வட்டி 2.99 சதவீதம், தவணைக் காலம் ஐந்து ஆண்டுகள். 25,000 டாலர் வரை வாங்கலாம் என்றார்கள்.

கேட்ட ஆவணங்கள் அதிகம் இல்லை. இராணுவத்துடன் போட்ட ஒப்பந்தத்தின் நகல், ஓட்டுநர் உரிமம், சமூகப் பாதுகாப்பு எண், இவற்றோடு பயிற்சிப் பிரிவின் தலைவரான லெப்டினன்ட் கர்னல் கையெழுத்திட்ட கடிதம். இந்த மாணவி இன்ன மாதம் பட்டம் பெற்று அதிகாரியாகப் பதவியேற்பார் என்று அந்தக் கடிதம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் அச்சாணி அதுதான். எங்கள் அலுவலகத்தில் கேட்டதும் எழுதிக் கொடுத்தார்கள்.

அதன் பிறகுதான் விண்ணப்பம் நின்றது. இராணுவப் படிவங்களில் குடும்பப் பெயர் முன்னே வரும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர்தான் அந்த இடத்தில் நிற்கிறது. கடிதத்தில் அப்பா பெயர் முன்னே, கமா இல்லாமல்; உரிமத்தில் என் பெயர் முன்னே. விண்ணப்பத்தைச் சரிபார்த்தவர் இரண்டும் ஒரே ஆள்தானா என்று சந்தேகப்பட்டுக் கோப்பைக் கிடப்பில் போட்டுவிட்டார். யாரும் எனக்குத் தகவல் சொல்லவில்லை. நானே தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. சமூகப் பாதுகாப்பு அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதிப் புதுக் கடிதம் வாங்கி அனுப்பிய பிறகு கோப்பு நகர்ந்தது. தமிழ்ப் பெயர் உள்ள எல்லோருக்கும் சொல்கிறேன்: கடிதம் அச்சாவதற்கு முன்பே அந்த அட்டையை எழுத்தர் கையில் கொடுத்துவிடுங்கள்.

தொலைபேசியில் பேசிய பிரதிநிதி முழு 25,000 டாலரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "இந்த வட்டிக்கு இனி வாழ்நாளில் கிடைக்காது" என்றார். அது உண்மைதான். என்னுடன் பயிற்சி பெற்றவர்களில் சிலர் முழுத் தொகையையும் வாங்கிப் பங்குச் சந்தையில் போட்டார்கள், சிலர் கார் வாங்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2022-இல் எஸ் அண்ட் பி 500 குறியீடு 19 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அப்படி ஓர் ஆண்டிலும் தவணை தேதி தவறாமல் வந்து நிற்கும். ஓய்வுக்கால ராத் ஐஆர்ஏ கணக்கில் போடலாம் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: ஆர்ஓடிசி மாதப் படி வரிக்கு உட்படாதது, ஆகவே அந்தக் கணக்கில் போடுவதற்குத் தேவையான சம்பாதித்த வருமானமாக அது சேராது. வேறு வேலை இல்லாத மாணவருக்கு அந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் போட முடியாது.

நான் 18,000 டாலர் கேட்டேன். 15,000 அப்பாவின் கடனுக்கு, 3,000 கையிருப்பு.

என் பெயரிலும் மாணவர் கடன் இருந்தது. அதைத் தொடாமல் அப்பாவின் கடனைத் தேர்ந்தெடுத்ததற்கு வட்டி மட்டும் காரணம் இல்லை. பணியில் சேர்வதற்கு முன் நம் பெயரில் வாங்கிய கடன்களுக்கு, பணிக்காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்கக் கூடாது என்று படைவீரர்களுக்கான எஸ்சிஆர்ஏ சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பேரன்ட் ப்ளஸ் பெற்றோரின் பெயரில் உள்ள கடன். மகள் இராணுவத்தில் இருந்தாலும் அப்பாவுக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்தச் சட்டமும் எட்டாத கடனை முதலில் தீர்ப்பதுதான் சரி என்று முடிவு செய்தேன்.

அப்பா எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "பிள்ளையைப் படிக்க வைத்த கடனைப் பிள்ளை தலையில் கட்டுவதா? வேண்டாம்மா, நான் மெதுவாகக் கட்டிக்கொள்கிறேன்" என்றார். வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததால் ஒரு தாளில் இரண்டு எண்களை எழுதி அவர் முன் வைத்தேன். 15,000 டாலருக்கு அவர் வட்டியில் ஆண்டுக்குச் சுமார் 1,207 டாலர். என் வட்டியில் சுமார் 448. நெடுநேரம் தாளையே பார்த்திருந்தார். பிறகு, "சரி, வித்தியாசம் உன் கணக்கில் இருக்கட்டும்" என்றார். அன்பளிப்பு வரி பற்றியும் கேட்டார். 2024-இல் ஒருவருக்கு 18,000 டாலர் வரை கொடுத்தால் வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று காட்டிய பிறகுதான் முழுமையாகச் சம்மதித்தார்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தேன். மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போட்டேன்.

முதலாவது, பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடுகிறது. தவணை பிறகுதான் தொடங்கும் என்பதால் இடைக்காலம் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். இலவசம் இல்லை.

இரண்டாவது, பதவியேற்பு நடக்காவிட்டால் சலுகை வட்டி போய்விடும், வட்டி பல மடங்கு உயரும். இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ் கோடை முகாமில் என் குழுவில் இருந்த ஒரு தோழி, இரவில் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து வழி தேடும் பயிற்சியில் பள்ளத்தில் கால் வைத்து முழங்கால் தசைநாரைக் கிழித்துக்கொண்டாள். என்னைவிட வலிமையானவள், எந்தத் தேர்விலும் பின்தங்காதவள். அவளுடைய பதவியேற்பு மருத்துவ அனுமதிக்காகத் தள்ளிப்போனது. அவளுக்குக் கடன் இல்லாதது அன்றைக்கு எவ்வளவு நிம்மதி என்று அவளே சொன்னாள். இதனால்தான் கோடை முகாம் முடிந்து, மருத்துவத் தகுதி உறுதியாகும் வரை நான் விண்ணப்பிக்கவே இல்லை. சில மாத வட்டி ஆதாயம் போனது; போகட்டும்.

மூன்றாவது, முதல் தவணைத் தேதி. பதவியேற்ற மறுநாளே சம்பளம் வராது. அடிப்படை அதிகாரிப் பயிற்சிக்கு அழைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் சம்பளம் கிடையாது. என் பயிற்சி இலையுதிர் காலத்தில்தான் தொடங்கும் என்று தெரிந்திருந்தது. முதல் தவணையை அதற்குப் பிறகு வைக்க முடியுமா என்று கேட்டு, எழுத்து மூலம் உறுதி வாங்கினேன். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் வழக்கமான தேதியைப் போட்டுவிடுகிறார்கள்.

பணம் வந்த வாரத்திலேயே அப்பாவின் கடனை அடைத்தோம். கணக்கில் தெரியும் நிலுவையைக் கட்டினால் முடிந்துவிடாது; பணம் போய்ச் சேரும் நாள் வரைக்குமான வட்டியையும் சேர்த்து, முடிப்புத் தொகை எவ்வளவு என்று கேட்டுப் பெற வேண்டும். சில நாட்களில் நிலுவை சுழியம் என்று கடிதம் வந்தது. அம்மா அதைக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறார்.

கையிருப்பு 3,000 டாலர் கோடையில் கைகொடுத்தது. அதிகாரிகள் சீருடைகளைச் சொந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும். அரசு ஒருமுறை தருவது 400 டாலர். விழாச் சீருடை ஒன்றுக்கே அது போதாது. பயிற்சி நிலையத்துக்குப் போகும் பயணச் செலவு பின்னால் திரும்பக் கிடைத்தாலும் முதலில் நாம்தான் போட வேண்டும்.

2025-இல் புதிய இரண்டாம் லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் மாதம் 3,998 டாலர். 18,000 டாலருக்குத் தவணை ஏறக்குறைய 323 டாலர், இடைக்கால வட்டி சேர்ந்ததால் சற்றுக் கூடுதல். அரசுப் பணியாளருக்கான ஓய்வுக்கால டிஎஸ்பி சேமிப்புக் கணக்குக்கு 5 சதவீதம் ஒதுக்கிய பிறகும் இது கழுத்தை நெரிக்கவில்லை. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை என்பதால், வீட்டு வாடகைக்கென்று கிடைக்கும் படியில் மிஞ்சுவதை மாதந்தோறும் அசலில் சேர்த்துக் கட்டி வருகிறேன். அப்படிக் கட்டும்போது கூடுதல் தொகை அசலுக்குப் போக வேண்டும் என்று குறிப்பிடாவிட்டால், அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வரவு வைத்துவிடக்கூடும். இணையப் பக்கத்தில் அதற்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பிய பிறகே அனுப்புகிறேன்.