இரண்டு முறை வந்த ஒரு மணி

இரவு பத்து மணிக்குக் கடைக் கதவைப் பூட்டிவிட்டால், பிறகு காலை ஆறு மணிவரை வெளியுலகத்தோடு எனக்கிருந்த ஒரே தொடர்பு ஓர் இரும்பு இழுப்பறைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் காசைப் போடுவார், நான் இழுப்பேன். சிகரெட்டை வைத்துத் தள்ளுவேன், அவர் எடுப்பார். மழை நாட்களில் தாள்காசு தெப்பமாக நனைந்து வரும். அதை ஹீட்டரின் மேல் விரித்துக் காயப் போடுவேன்.

1989 முதல் நான்கு வருடங்கள் இப்படிப் போயின. இடம் தெற்கு லண்டன். டூட்டிங்கில் எங்கள் அறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது அந்தப் பெற்றோல் ஸ்டேஷன். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த இளைஞர்களில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை இதுதான். ‘வேலை செய்கிறேன்’ என்று யாரும் சொல்ல மாட்டோம். ‘பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிறேன்’ என்போம். உண்மையில் அங்கே நிற்பதைவிட எண்ணுவதுதான் அதிகம்.

வேலைக்கு வந்ததும் சிகரெட் பெட்டிகளை எண்ண வேண்டும், போகும்போது மறுபடியும் எண்ண வேண்டும். இடையில் மணிக்கொரு தடவை கல்லாவின் தொகையை ஒரு கொப்பியில் நேரம் போட்டு எழுத வேண்டும். விடியப்புறம் முற்றத்திலுள்ள இரும்பு மூடியைத் திறந்து, ஆளுயரத்தைத் தாண்டிய அளவுக்கோலை நிலத்தடித் தாங்கிக்குள் இறக்கி, ஈரம் எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறது என்று ரோச் வெளிச்சத்தில் பார்ப்பேன். குளிரில் விரல் விறைத்திருக்கும். பெற்றோல் உடனே காய்ந்துவிடும் என்பதால் கோட்டை நொடியில் படித்தாக வேண்டும். பம்ப் காட்டும் விற்பனைக்கும் கோல் காட்டும் கையிருப்புக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவன் என்பதால் காரணம் எனக்குத் தெரியும். பெற்றோல் குளிர்ந்தால் சுருங்கும். பத்தாயிரம் லீற்றர் ஒரு பாகை குளிர்ந்தாலே பத்து லீற்றருக்கு மேல் குறைந்துவிடும். மனேஜருக்கு இதை ஒருமுறை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனிக் கோலைக் கவனமாகப் பார் என்றார்.

கணக்கில் காசு குறைந்தால் அது எங்கள் சம்பளத்தில் கழியும். கூடினால் கடைக்குச் சேரும். இந்த விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை, எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்த பிறகு விலை ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏணியில் ஏறி உயரப் பலகையின் இலக்கங்களை மாற்றுவது என் பொறுப்பு. சதாம் ஹுசைன் செய்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல், கீழே காரில் இருப்பவர்கள் என்னைத்தான் முறைத்துப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் ஒக்டோபர் மாதக் கடைசிச் சனிக்கிழமை இரவுதான் நான் சொல்ல வந்தது. இங்கிலாந்தில் அன்றிரவு இரண்டு மணி ஆனதும் கடிகாரத்தைப் பின்தள்ளி ஒரு மணியாக்குவார்கள். ஊரே ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கும். இரவு வேலைக்காரனுக்கு எட்டு மணித்தியாலம் ஒன்பதாக நீளும், அவ்வளவுதான். எனக்கு வேலை பழக்கிய அண்ணை, ஊரில் கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர், முதல்நாளே சொல்லியிருந்தார்: “தம்பி, நாளைக்கு ஒரு மணி இரண்டு முறை வரும். கொப்பியிலும் இரண்டு முறை எழுது.”

சனி இரவென்றால் நடனக் கூடங்களிலிருந்து வருபவர்களின் கூட்டம். எல்லாருக்கும் என் வயது. அன்று ஒரு பெண் குதி உயர்ந்த சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு நின்று, ஒரு சொக்லேட்டும் சிகரெட்டும் வாங்கிக்கொண்டு நேரம் கேட்டாள். புது நேரமா, பழைய நேரமா என்றேன். அவள் யோசித்தாள். எது நல்லது என்று நீ நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இருபத்தொரு வயதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தோடு நான் நடத்திய மிக நீண்ட உரையாடல் இதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக் கட்டுகள் வந்து விழுந்தன. அவற்றுக்குள் இணைப்பிதழ்களை ஒவ்வொன்றாகச் செருகி முடித்தபோது உள்ளங்கை இரண்டும் கறுத்திருந்தன.

திங்கட்கிழமை மனேஜர் கொப்பியில் இரண்டாவது ‘1.00’ஐச் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார். பிழை என்று நினைத்துவிட்டார். விளக்கினேன். எட்டு மணித்தியாலத்துக்குத்தான் சம்பளம், மார்ச்சில் கடிகாரத்தை முன்தள்ளும்போது ஏழு மணித்தியாலம்தானே நிற்பாய், எல்லாம் சரியாகிவிடும் என்றார். நியாயமாகத்தான் பட்டது. 1991 மார்ச் 31, உயிர்த்த ஞாயிறு. அது விடியும் இரவில் அண்ணையும் நானும் சேர்ந்து நின்றோம். சம்பள உறையைப் பிரித்தபோது ஏழு மணித்தியாலத்துக்குத்தான் காசு இருந்தது.

மணிக்கு இரண்டரைப் பவுண். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று அந்த நாட்டுக்கு 1999 ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் மூன்று பவுண் அறுபது. நான் வாயைத் திறக்கவில்லை. குரொய்டனில் குடிவரவு அலுவலகமான லூனார் ஹவுஸில் என் அகதிக் கோப்பு முடிவில்லாமல் கிடந்தது. அப்படியொரு கோப்பு இருக்கிறவனுக்கு எல்லாக் கதவும் அந்தக் கட்டடத்துக்கே திறப்பதுபோல் ஒரு பயம். அண்ணையின் கோப்பும் அங்கேதான் கிடந்தது. ஆனாலும் அவர் போய்க் கேட்டார். தான் நின்ற ஒக்டோபர்களையும் மார்ச்சுகளையும் ஒரு தாளில் நிரைப்படுத்தி, கச்சேரிக் கையெழுத்தில், கீழே கோடிட்டுக் கூட்டுத்தொகையும் போட்டுக் கொடுத்தார்.

மனேஜர் கெட்டவர் அல்லர். அவரிடம் கணக்குக் கேட்கவும் மேலே ஆட்கள் இருந்தார்கள். தாளை நெடுநேரம் பார்த்தார். அந்த மார்ச் இரவுக்கு மட்டும் இரண்டரைப் பவுணைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்தார். கேட்டவருக்குக் கொடுத்தார், கேட்காத எனக்கு இல்லை. அண்ணை அதில் ஒன்றேகால் பவுணை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வாங்க வெட்கமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

1996இல் நான் பகல் வேலைக்காரனாகியிருந்தேன். அந்த மே மாதம் இலங்கை அரசாங்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்த நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அதை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த அம்மா, ஜூனில் அரச கட்டுப்பாட்டில் இருந்த வவுனியாவுக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கினார். பத்தரை மணிக்குத் தொலைபேசிக் கடைக்கு வரும்படி சொல்லி அனுப்பியிருந்தேன். லண்டனில் அது காலை ஐந்து மணி. எடுத்தேன். அப்படி ஒருவரும் வரவில்லை என்றான் கடைப் பையன். வழியில் என்ன நடந்ததோ என்று கட்டிலின் விளிம்பில் இருந்தபடி, பழைய வழக்கத்தில் நிமிடங்களை எண்ணினேன்.

ஆறு மணிக்கு மறுபடி எடுத்தபோது அம்மாவின் குரல் வந்தது. ஏன் அம்மா பிந்திவிட்டீர்கள் என்று கத்தினேன்.

“நான் எங்கே தம்பி பிந்தினேன்? மணிக்கூட்டில் இப்போதுதானே பத்தரை” என்றார்.