வாங்கில் இருக்கப் பயந்த பதினொரு கிழமை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சாப்பிட்டுக்கொண்டு வாசிக்கிற பதிவு இல்லை.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். இருபது வருஷமாக, வாயில் தொடங்கிக் குதத்தில் முடிகிற அந்தப் படத்தைக் கரும்பலகையில் கீறி வருகிறேன். கடைசியில் இரண்டு வளையம் வரும்: உள் இறுக்கி, வெளி இறுக்கி. "வெளியில இருக்கிறது நாங்கள் சொன்னால் கேட்கும், உள்ளுக்கு இருக்கிறது ஆற்றை சொல்லும் கேளாது" என்பேன். பின்வாங்குப் பெடியள் சிரிப்பாங்கள். நான் முகத்தை மாற்றாமல் அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவளுக்கு, அதே இடத்தில் ஒரு வெடிப்பு வந்ததை ஒரு டொக்டரிடம் வாய்திறந்து சொல்லப் பதினொரு கிழமை எடுத்தது.

தொடங்கியது இரும்புச்சத்துக் குளிசையில். தை மாதம் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் குறைவு என்று எழுதித் தந்தார்கள். அந்தக் குளிசை வயிற்றை இறுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தண்ணீர் குடிக்கவில்லை. பாடசாலையில் ஆசிரியைகளின் மலசலகூடம் மைதானத்துக்கு அந்தப் பக்கம். திறப்பு ஒருவரிடம், வாளி இன்னொரு இடத்தில். காலை ஏழரையிலிருந்து ஒன்றரை வரை நாக்கு நனையாமல் இருக்கப் பழகிவிட்டோம். என்னோடு படிப்பிக்கிற பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான். போத்தலில் கொண்டுபோகிற தண்ணீர் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்து செவ்வரத்தைக்குப் போகும்.

ஒரு நாள் காலையில் அது நடந்தது. போத்தல் ஓடு ஒன்று உள்ளேயிருந்து கிழித்துக்கொண்டு வந்த மாதிரி. பார்த்தால் நாலைந்து சொட்டு, பளிச்சென்ற சிவப்பு. ஆனால் பொல்லாதது அதற்குப் பிறகுதான். போய் வந்து பத்து நிமிஷம் ஒன்றும் இராது. பிறகு மெல்ல மெல்ல ஒரு கடுப்பு ஏறும். ஆரோ உள்ளுக்கு இருந்து முறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற மாதிரி. இரண்டு மணித்தியாலம் நிற்கும். முதல் மூன்று பாடவேளையும் நின்றுகொண்டே படிப்பித்தேன். "ரீச்சர் கதிரையில இருக்கிறதே இல்லை" என்று அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் புகழ்ந்தார். கொக்குவிலில் இருந்து பாடசாலைக்குப் போகிற ஏழு கிலோமீற்றரில் எத்தனை பள்ளம், எது எந்த மதகுக்குப் பக்கத்தில் என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஸ்கூட்டி ஓடுகிறவர்களுக்கு விளங்கும்.

"பிள்ளை, உது மூலம். சூடு" என்றா அம்மா. அம்மாவுக்கு எல்லாமே சூடுதான். கருணைக்கிழங்குக் கறியும் மோரும் வெந்தயமும் வந்தன, கோழியும் கத்தரிக்காயும் போயின. எங்கள் ஊரில் அந்தப் பக்கத்தில் வருகிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். இரத்தம் போனாலும் மூலம், நொந்தாலும் மூலம், சீழ் வடிந்தாலும் மூலம். உண்மையில் உள்மூலம் பெரும்பாலும் நோகாமல்தான் இரத்தம் காட்டும். இப்படி வெட்டுகிற நோ என்றால் முதலில் நினைக்கவேண்டியது வெடிப்பு. சீழ் என்றால் பௌத்திரமாக இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதையெல்லாம் இன்றைக்கு எழுதுகிறேன், அன்றைக்கு நானும் மூலம் என்றுதான் மருந்துக்கடைக்குப் போனேன்.

கொக்குவில் சந்திக் கடையில் நிற்கிறவன் என்னிடம் படித்தவன். அதனால் திருநெல்வேலிக்குப் போனேன். கேட்கக் கூச்சமாக இருந்ததால் ஒரு துண்டில் எழுதி, இரண்டாக மடித்து நீட்டினேன். அந்தத் தம்பி அதை விரித்து வைத்து, கடை முழுக்கக் கேட்க, "மூலத்துக்கோ அக்கா? உள்மூலமோ வெளிமூலமோ?" என்றான். எனக்குப் பின்னால் பால்மாப் பெட்டியோடு எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர்.

"மாமாவுக்குத் தம்பி" என்றேன். மாமா செத்து எட்டு வருஷம். ஒழுங்கைக்காரர் அந்தச் செத்தவீட்டுக்கு வந்தவர்.

அந்தக் களிம்பு அரை மணித்தியாலம் விறைக்கச் செய்யும், அவ்வளவுதான். மூன்று கிழமை பூசிய பிறகுதான் பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்தேன்: ஸ்டிரொயிட் கலந்தது, ஏழு நாளுக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கேள்வியை இரண்டு தரம் வாசி என்று சொல்கிறவள் நான்.

பிறகுதான் புத்தி வந்து, ஒழுங்காக வாசித்துப் பார்த்தேன். இது என்னவாக இருக்கும் என்று பிடிபட்டது. புது வெடிப்புகளில் கனக்க, மலத்தை இளக்கி வைத்தாலே சில கிழமைகளில் தானாக ஆறிவிடும் என்றும் தெரிந்தது. ஆகவே நிபுணரிடம் ஓடாமல் இருந்ததில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது. காலையில் குரக்கன் புட்டு, மத்தியானம் முருங்கையிலை வறை, இரவில் பப்பாசி. பாடசாலைக்குக் கொண்டுபோன தண்ணீரைக் குடித்தே முடித்தேன், திறப்பையும் கேட்டு வாங்கினேன். கொமட்டில் இருக்கும்போது கால் உயர ஒரு பலகைக்கட்டை. போய் வந்தவுடன் பேசினில் மிதமான சுடுதண்ணி விட்டு, அதற்குள் 10, 15 நிமிஷம். அந்தக் கால் மணி நேரம்தான் அன்றன்றைய சொர்க்கம். கதவுக்கு வெளியே நின்று மகள், "அம்மா, உள்ளுக்கு என்ன செய்யிறீங்கள்?" என்பாள்.

ஆறிவந்தது. ஒரு கலியாண வீடு, இரண்டு நாள் பயணம், தண்ணீர் மறந்தது, திரும்பவும் கிழிந்தது. பிறகும் ஆறியது, பிறகும் கிழிந்தது. ஏன் என்று யோசித்தால் விடை என்னுடைய கரும்பலகையிலேயே இருக்கிறது. ஆற்றை சொல்லும் கேளாத அந்த உள் இறுக்கிதான். கிழிந்த நோவில் அது இறுகும். இறுகினால் அந்த இடத்துக்கு இரத்தம் போவது குறையும். இரத்தம் போகாத புண் ஆறாது, ஆறாவிட்டால் நோகும், நொந்தால் பிறகும் இறுகும். ஆறு கிழமை, எட்டுக் கிழமை தாண்டினால் அதை நாள்பட்ட வெடிப்பு என்கிறார்கள். அதற்குப் பிறகு முருங்கையிலை மட்டும் காணாது. நான் ஒன்பதாம் கிழமையில் நின்றேன். போதாததற்குக் கழுவும்போது விரலில் ஒரு சின்னத் தோல் முளை தட்டுப்பட்டது. அன்றிரவு நித்திரை இல்லை.

சரி, போவதென்றால் எங்கே?

போதனா வைத்தியசாலைக்குப் போனால் காசு இல்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். ஆனால் அது போதனா வைத்தியசாலை. 1978இல் தொடங்கிய எங்கள் மருத்துவ பீடத்துப் பிள்ளைகள் பெரிய டொக்டருக்குப் பின்னால் கொப்பியும் கையுமாக வருவார்கள். அதில் நாலு பேராவது நான் அந்த இரண்டு வளையத்தைக் கீறிக் காட்டியவர்கள். "ரீச்சர்!" என்று அவர்கள் ஓடி வருகிற காட்சியை நினைத்தாலே எனக்கு அந்தத் தசை இறுகியது.

சனல் பண்ணலாம். எங்கள் நாட்டில் நிபுணரைத் தனியாரில் பார்க்க ஆருடைய கடிதமும் தேவையில்லை, பின்னேரம் நம்பர் எடுத்தால் சரி. ஆனால் அந்த வாங்கு இருக்கிறதே. யாழ்ப்பாணத்தில் சனல் வாங்கில் தெரியாத ஆள் ஒருவரும் இருக்கமாட்டார். "என்ன, இந்தப் பக்கம்? என்ன வருத்தம்?" என்றுதான் கதை தொடங்கும்.

"அப்ப கொழும்புக்குப் போவமே?" என்றார் இவர். 400 கிலோமீற்றர், இரவு பஸ். அங்கே போய்ச் சேர்வதற்குள் எனக்கு டொக்டர் தேவைப்படாது, வேறு ஆட்கள்தான் தேவைப்படுவார்கள். அம்மா கைதடிச் சித்த வைத்தியசாலையைச் சொன்னா. அதை நான் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் எனக்கு முதலில் வேண்டியிருந்தது மருந்து இல்லை. இது இன்னதுதான் என்று கண்ணால் பார்த்து ஒருவர் சொல்லவேண்டும்.

இவரின் தங்கச்சி, எனக்கு மச்சாள், வேறு மாவட்டத்தில் தாதி. ஒரு நாள் போனில் மெல்ல அவிழ்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மளமளவென்று கேட்டாள்: "மெலிஞ்சனீங்களோ? கறுப்பாப் போகுதோ? இரத்தம் மேலால வருதோ, கலந்து வருதோ? முந்தி இல்லாத மாதிரி ஒரு நாள் இறுகி ஒரு நாள் தண்ணியாப் போகுதோ? உங்கட ஆக்களில ஆருக்கும் குடல் புற்றுநோய் இருந்ததோ?"

எல்லாவற்றுக்கும் இல்லை, மேலால் என்றேன். எனக்கே ஆறுதலாக இருந்தது.

"அண்ணி, அந்த ஹீமோகுளோபின் ஏன் குறைஞ்சது? அதை ஆரும் பார்த்தவையோ?"

நான் பேசவில்லை. குளிசை தந்தார்கள், விழுங்கினேன், வயிறு இறுகியது, வெடித்தது. இந்தக் கோட்டைப் பின்பக்கமாக இழுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வெடிப்பில் வருகிற நாலு சொட்டில் இரத்தச்சோகை வராது. அதுவும் சோகைதான் முதலில் வந்தது. மாதவிடாய் அதிகமாகப் போகிற வயதுதான், 46, அதுவாகவும் இருக்கலாம். ஆனால் இருக்கலாம் என்பதை நானே முடிவாக்கிக்கொண்டு இருந்துவிட முடியாது. அடுத்த நாள் இடைவேளையில், ஆய்வுகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு நம்பர் எடுத்தேன். 14.

வாங்கில் இடம் இருந்தது. நான் நின்றேன். பக்கத்தில் இன்னொரு பெண்ணும் நின்றா. திரும்பினால், போன வருஷம் பரீட்சை எழுதிய ஒரு பிள்ளையின் தாய்.

"ரீச்சர்! என்ன, உங்களுக்கு?"

"முதுகு நோ" என்றேன்.

"எனக்கும் முதுகுதான் ரீச்சர்" என்றா.

அந்த அறையில் இருந்த டொக்டர் முதுகு பார்க்கிறவர் இல்லை என்பது கதவுப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை வாசிக்காத மாதிரி, வெறும் வாங்குக்கு முன்னால் முக்கால் மணித்தியாலம் நின்றுகொண்டு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பிள்ளை எடுத்த இசட் புள்ளியைப் பற்றிக் கதைத்தோம்.

உள்ளே ஏழெட்டு நிமிஷம். தாதி மிஸ் ஒருவர் கூடவே நின்றா. இடப்பக்கம் சரிந்து முழங்காலை மடித்துப் படுக்கச் சொன்னார்கள். நான் பயந்தது விரல் விட்டுப் பார்ப்பார் என்பதற்கு. இந்த நோவோடு அது இப்ப தேவையில்லை என்று, மெல்ல விலக்கிப் பார்த்ததோடு விட்டார். "ஆறு மணியில இருக்கு. மூலம் இல்லை" என்றார். மணிக்கூட்டு முகம் மாதிரி வைத்துச் சொல்கிறார்கள். ஆறு என்றால் முதுகுப்பக்கம், நடுக்கோடு. பெரும்பாலான வெடிப்புகள் அங்கேதான் வரும், நடுக்கோட்டை விட்டு விலகிப் பக்கவாட்டில் இருந்தால்தான் வேறு நோய்களைத் தேடுவார்களாம். என்னை நித்திரை கொள்ளவிடாத அந்த முளை, நாள்பட்ட வெடிப்பின் ஓரத்தில் தடித்து நிற்கிற வெறும் தோல்.

டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பு, காலை மாலை, பட்டாணி அளவு, எட்டுக் கிழமை. இறுக்கியைத் தளர்த்துகிற மருந்து. பேப்பரைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், "பிரஷர் குளிசையின்ர பேர் மாதிரி இருக்கே" என்றார். அதே மருந்துதான், இரத்தக்குழாயைத் தளர்த்துகிறது இதையும் தளர்த்துகிறது. கூட, மலத்தை இளக்க லக்டுலோஸ் பாணி. இதற்கும் ஆறாவிட்டால் பொட்டுலினம் ஊசி, அல்லது உள் இறுக்கியில் கொஞ்சத்தை வெட்டிவிடுகிற சின்னச் சத்திரசிகிச்சை. வெட்டினால் 10 பேரில் 9 பேருக்கு மேல் ஆறும். ஆனால் சிலருக்குக் காற்றை அடக்குவது கடினமாகலாம் என்பதால், பிள்ளை பெற்ற பெண்களில் யோசித்துத்தான் செய்வார்களாம். சோகைக் கதையையும் சொன்னேன். வெடிப்பு ஆறினதும் குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்போம் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது ஐந்தாம் கிழமை. கடுப்பு இரண்டு மணித்தியாலத்தில் இருந்து கால் மணிக்கு வந்திருக்கிறது, இரத்தம் நின்று பத்து நாள். கமராவுக்கு இன்னும் திகதி வரவில்லை. அதை நினைத்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது, பொய் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை திருநெல்வேலிச் சந்தையில், கீரைக்காரிக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் தாயைக் கண்டேன்.

"ரீச்சர், முதுகு எப்பிடி?"

"பரவாயில்லை. உங்கட?"

"இப்ப இருக்க ஏலுது" என்றா.

இரண்டு பேர் கையிலும் முருங்கையிலைக் கட்டு.