கேட்கும் என்று நான் சொன்ன சொல்

அன்று நான் சொன்ன பதில் சரியானது என்று இப்போதும் எந்த மருத்துவர் முன்னாலும் என்னால் சொல்ல முடியும். உடல் எடையைக் குறைக்க இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்கள் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளை எடுக்கக் கூடாது. நான் செவிலியாக இருக்கும் பிரிவின் கையேட்டில் இது தடித்த எழுத்தில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அந்தப் பக்கத்தை நானே வாசித்துக் காட்டிக் கையெழுத்தும் வாங்குகிறேன். அப்படியிருந்தும், 2023 ஏப்ரலில் வந்த ஓர் அழைப்பு என் மனத்தை விட்டுப் போகவில்லை. அது 1 நிமிடம் 48 விநாடி நீடித்தது. கைப்பேசியில் பிறகு தேடிப் பார்த்துத்தான் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டேன்.

அழைத்தவர், இருபது வருடமாக ஒற்றைத் தலைவலி உள்ள மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. அறுவை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. 108 கிலோவிலிருந்து 79க்கு வந்திருந்தார். பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தார். உள்ளே கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதால் தேநீர் இடைவேளையில் வராந்தாவுக்கு வந்து பேசினார். பின்னால் யாரோ கட்டு எண்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"சிஸ்டர், இடது பக்கம் காலையில பிடிச்சது. எழுத்தே ஆடுது. பையில பழைய மாத்திரை ரெண்டு கெடக்குது. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கட்டுங்களா?"

"கூடாதுங்க டீச்சர். பாராசிட்டமால் போடுங்க, தண்ணியை மடக்கு மடக்கா குடிங்க."

"அது எனக்குக் கேக்காதுங்க சிஸ்டர். இருபது வருசமா கேட்டதில்ல."

"கேக்கும், போடுங்க. சாயங்காலம் கூப்பிடுங்க."

இவ்வளவுதான். பதிவேட்டில் 'தலைவலி, பாராசிட்டமால், ஆலோசனை கூறப்பட்டது' என்று எழுதினேன். அடுத்த படுக்கையில் ஒருவரை அறுவை அரங்குக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சாயங்காலம் அவர் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் மேல்வயிற்று வலியும் கரிய மலமுமாக அவரைக் கொண்டுவந்தார்கள். உள்ளே இரத்தம் கசிந்ததில் ஹீமோகுளோபின் 8.4க்கு இறங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பியில், புதிதாக அமைத்த சிறு இரைப்பையும் சிறுகுடலும் சேரும் இடத்தில் புண் தெரிந்தது. ஏப்ரலிலிருந்து நாப்ராக்சென் கலந்த மாத்திரையை, முதலில் வாரத்துக்கு இரண்டு, பிறகு ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுத்திருக்கிறார். மீதமிருந்த அட்டையை அவரே மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில், ஓரம் சுருண்ட அலுமினியத் தாளில், ஒற்றை மாத்திரை இருந்தது. வீட்டில் கணவர் கைப்பையைப் பார்ப்பார், கண்ணாடிக் கூட்டைப் பார்க்கமாட்டார் என்றார்.

அந்த இடத்தில் ஏன் புண் வருகிறது என்பதை நான் நூற்றுக்கணக்கானவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். பைபாஸுக்குப் பிறகு உணவு இறங்கும் இரைப்பைப் பை 30 மில்லி அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. அதோடு நேரே இணைக்கப்படும் சிறுகுடல் அமிலத்துக்குப் பழக்கப்பட்டதல்ல. உள்சவ்வைக் காக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த வலி மாத்திரைகள் குறைத்துவிடுவதால், தையல் போட்ட அந்த ஓரம் காப்பின்றி நிற்கிறது. 'ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குள் போகாதே' என்று பலர் கேட்பார்கள். மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் அந்த வேலையைச் செய்கிறது என்பதால் ஊசியும் பாதுகாப்பில்லை. ஒரே ஒரு மாத்திரையால் புண் வந்துவிடும் என்று எங்கள் அறுவை மருத்துவர்களும் சொல்வதில்லை. தொடர்ந்து எடுப்பதில்தான் பெரிய ஆபத்து. ஆனால் தலைவலிக்காரர்கள் ஒன்றோடு நிறுத்துவதில்லை என்பது என் பதினாறு வருட அனுபவம், ஆகவே 'கூடாது' என்பதைத் தவிர வேறு பதில் எனக்கு இருக்கவில்லை.

இதை எழுதும்போதே நான் என்னைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்பது புரிகிறது. 'கூடாது' என்று சொன்னதற்காக நான் வருந்தவில்லை. அதற்குப் பிறகு சொன்ன 'கேக்கும்' என்ற சொல்தான் உறுத்துகிறது. எந்த ஆதாரத்தில் அதைச் சொன்னேன்? இருபது வருடம் அந்தத் தலையோடு வாழ்ந்தவர் கேட்காது என்கிறார். அந்தத் தலைவலியை ஒரு நாளும் அனுபவிக்காத நான் கேட்கும் என்கிறேன். அவர் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை.

கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்று காலை அவர் முகாமுக்காக ஆறரை மணிக்கே கிளம்பியிருக்கிறார், சாப்பிடவில்லை. ஒரே மூச்சில் தண்ணீர் குடிக்க முடியாத வயிறு அது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் குடிக்கக் கூடாது என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். ஏப்ரல் வெயிலில், எழுந்து போனால் கட்டு முடியாது என்ற நிலையில், மதியம்வரை கால் பாட்டில்தான் உள்ளே போயிருக்கிறது. அறுவைக்குப் பின் நிறுத்தச் சொன்ன காபியை அவர் மார்ச் கடைசியில் மீண்டும் தொடங்கி, முகாமில் கிடைக்காததால் அந்த வாரம் திடீரென்று நிறுத்தியிருக்கிறார். பட்டினி, நீர்ச்சத்துக் குறைவு, காபி நிறுத்தம், தூக்கக் குறைவு ஆகிய நான்கும் ஒற்றைத் தலைவலியைக் கிளப்பக்கூடியவை என்று எனக்குத் தெரியும், நான்கும் அன்று அவரிடம் இருந்தன. நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய கேள்விகளும் விடுபட்டன. எழுந்து நின்றால் வலி கூடிப் படுத்தால் குறைகிறதா என்பது ஒன்று; எடை குறைந்தவர்களிடம் அரிதாக மூளைத் தண்டுவட நீர் கசிந்து அப்படி வலி வருவதுண்டு. தொடர் வாந்தியோடு பார்வை இரட்டையாகத் தெரிகிறதா, நடை தள்ளாடுகிறதா என்பது இன்னொன்று. அது தயமின் (வைட்டமின் பி1) குறைவின் அடையாளமாக இருக்கலாம், நாள் கடத்தினால் மூளை பாதிக்கப்படும். அவருக்கு இவை எதுவும் இல்லை. ஆனால் இல்லை என்பது எனக்கு அன்று தெரியாது.

எனக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. எடை குறைந்தால் தலைவலியும் குறையும் என்று அறுவைக்கு முன் அவரிடம் சொன்னதே நாங்கள்தான். அது வெறும் ஆறுதல் அல்ல. அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலி உள்ள 24 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 90 நாளில் சராசரியாக 11 நாள் இருந்த தலைவலி, அறுவைக்கு ஆறு மாதம் கழித்து 7 நாளுக்கும் கீழே வந்தது. டீச்சருக்கும் முதல் நான்கு மாதம் அப்படித்தான் இருந்தது. டிசம்பரில் வந்தபோது "மாசம் ரெண்டு தடவைதான் சிஸ்டர்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த மகிழ்ச்சியோடு அவருடைய கோப்பில் தலைவலி என்ற வரியை முடித்துவிட்டேன் போலிருக்கிறது. ஏப்ரலில் அழைத்தவரை நான் குணமான ஒருவராகத்தான் மனத்தில் வைத்திருந்தேன்.

வார்டில் மூன்றாம் நாள் அவர் சொன்னதை எழுதாமல் இதை முடிக்க முடியாது. புண்ணுக்கான மருந்தைக் கொடுத்துவிட்டு, "ஏன் டீச்சர் மறுபடியும் என்னைக் கூப்பிடல?" என்று கேட்டேன். கோபமில்லாமல் பதில் சொன்னார்.

"நீங்க வேண்டாம்னுதான் சொல்வீங்கன்னு தெரியும். அன்னைக்கு நீங்க சரி, ஒண்ணு போடுங்கன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணோட நிறுத்தியிருப்பேன் சிஸ்டர். உங்ககிட்டச் சொல்லிட்டுப் போட்டதாச்சே, அடுத்ததுக்கும் சொல்லணும்ல. சொல்லாமப் போட்டதுக்குக் கணக்கே இல்லாமப் போச்சு."

இந்தப் பேச்சை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. செவிலியாக நான் அதை ஏற்க முடியாது. ஒருவருக்குச் சரி என்று சொன்னால் அது அடுத்தவருக்கும் போகும். இந்த மருந்துகளை மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்தால் மருந்தே தலைவலியாக மாறிவிடக்கூடும், அவருக்கும் ஜூன் மாதத்தில் அதுதான் நடந்தது என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். குற்றவுணர்ச்சியில் என் மேல் பாதியைத் தள்ளுகிறார் என்றும் ஒரு இரவு நினைத்தேன், அப்படி நினைத்ததற்காக மறுநாள் கூசினேன். அவர் பாடம் நடத்துகிறவர். தப்பாகப் போட்ட கணக்கு எங்கே தப்பியது என்று காட்டும் பழக்கத்தில் எனக்கும் காட்டினார் என்றே இப்போது தோன்றுகிறது. அவர் காட்டிய இடம் சரிதானா என்பதில்தான் என் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை.

சரி என்றும் சொல்லாமல், கேட்கும் என்றும் சொல்லாமல், "கேக்காதுன்னு தெரியுதுங்க, வேற என்ன செய்யலாம்னு டாக்டர்கிட்டக் கேட்டுட்டு அரை மணி நேரத்துல நானே கூப்பிடறேன்" என்று சொல்லியிருக்கலாம். வழிகள் இருந்தன. ஜூலையில் அவருக்காக அறுவை மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் உட்கார்ந்து, தலைவலி வராமல் தடுக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்கள். ஃப்ளூனாரிசின் எடையைக் கூட்டும். அமிட்ரிப்டிலின் பசியைக் கிளப்பும். டோபிராமேட் எடையைக் கூட்டாது, ஆனால் சிறுநீரகக் கல்லை வரவழைக்கலாம். பைபாஸுக்கே கல் வரும் வாய்ப்பு கூடுதல். கடைசியில் தடுப்புக்குக் குறைந்த அளவில் புரோப்ரனலாலும், வலி தொடங்கும்போது மூக்கில் அடிக்கும் சுமாட்ரிப்டானும் என்று முடிவாயிற்று. எடை குறைந்து இரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருந்ததால் வாரம் ஒருமுறை அழுத்தம் பார்த்து எனக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பேச்சு முழுக்க நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் நடந்திருக்க வேண்டிய நாற்பது நிமிடம் அது என்று அங்கே நின்றபோது நினைத்தேன். ஆனால் புண் வராமல் இருந்திருந்தால் அந்த இரண்டு மருத்துவர்களும் ஒரு தலைவலிக்காக ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்களா என்பதும் உடனே தோன்றியது.

கையேட்டில் இப்போது கூடுதலாக ஒரு பக்கம் இருக்கிறது. எடுக்கக் கூடாதவற்றுக்கு எதிரே, தலைவலி வந்தால் முதலில் என்ன செய்வது, எப்போது யாரை அழைப்பது, எந்த அறிகுறி இருந்தால் காத்திருக்காமல் வர வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்தது. பலருக்கு அது உதவுகிறது. டீச்சருக்கு முதல் பிரதியைக் கொடுத்தபோது வாசித்துவிட்டு, ஓர் எழுத்துப் பிழையைச் சிவப்புப் பேனாவில் திருத்தித் திருப்பிக் கொடுத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

போன மாதம் ஆய்வுக்கு வந்திருந்தார். எடை 71 கிலோ, புண் ஆறிவிட்டது. தலைவலி மாதம் மூன்று நாள், ஸ்ப்ரே பெரும்பாலும் கேட்கிறது என்றார். "பெரும்பாலும்னா?" என்று கேட்டிருக்க வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்காகப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். துணி நான்காக மடித்து உள்ளே கிடந்தது. அதைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வந்தது. கேட்டால் அது விசாரணை ஆகிவிடும், அவராகச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். கையெழுத்துப் போட்டுக் கூட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் முகாம் தொடங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.